நாற்பத்தொன்றும் நாற்பத்துநான்கும்

ஜூன் 16, திங்கள்

மாலை நாலு மணிக்கு ஆய்வகத்தில் பழைய மண் பைகளைக் கொட்டும் வேலை. ஜூன் இரண்டாம் தேதி சோதித்த மண். விவசாயிகளுக்கு மண்வள அட்டைகள் போன வாரமே தபாலில் போய்விட்டதால் இனி மண் தேவையில்லை. 41-ஆம் பையைக் கவிழ்த்ததும் கை நின்றுவிட்டது.

சாம்பல் கலந்த கறுப்பு மண். நடுவே பால்பல் அளவில் வெள்ளைக் கட்டிகள், எல்லாம் சுண்ணாம்பு. இந்த மண்ணுக்குத்தான் பி.எச். 5.1 என்று அட்டையில் எழுதியிருக்கிறேன். ஏழுக்குக் கீழே போனால் புளித்த மண், மேலே போனால் கார மண். 5.1 என்றால் நல்ல புளிப்பு. ஒரு சொட்டு அமிலம் விட்டுப் பார்த்தேன். சோடா மாதிரிப் பொங்கியது. புளித்த மண் பொங்காது.

கருவியில் வைத்து மறுபடி அளந்தேன். 8.5.

பிறகு 44-ஆம் பை. செக்கச்செவேல் என்று இருந்தது. அட்டையில் 8.5. அளந்தால் 5.1.

மண் கரைத்து வைத்த இரண்டு குவளைகள் இடம் மாறியிருக்கின்றன. சோதித்த அன்று பள்ளி திறந்த நாள். மகள் தர்ஷி ஒன்றாம் வகுப்பு வாசலில் என் சேலையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. நான் தாமதமாக வந்தேன். அன்றைய 21 முதல் 60 வரை நாற்பது மாதிரிகளையும் நானே அளந்தேன், நானே எழுதினேன்.

இரண்டு பைகளையும் கொட்டிவிட்டேன். கழுவி முடிக்கும்வரை ஆய்வகப் பொறுப்பாளர் வனஜா மேடம் தன் அறையில் போனில் பேசிக்கொண்டிருந்தார். பார்க்கவில்லை.

ஜூன் 17, செவ்வாய்

அட்டைகளின் நகலை எடுத்துப் பார்த்தேன்.

41. செங்கோட்டுவேலு, எருமப்பட்டிப் பக்கம், நிலக்கடலை. பரிந்துரை: சுண்ணாம்பு ஏக்கருக்கு ஒரு டன், முட்டைக்கோழி எரு இரண்டு டிராக்டர்.

44. சடையன், கொல்லிமலை, மிளகு. பரிந்துரை: கந்தகம், அம்மோனியம் சல்பேட். சுண்ணாம்பும் கோழி எருவும் தவிர்க்கவும்.

எல்லாம் தலைகீழ். ஏற்கெனவே சுண்ணாம்பு மண்டிய நிலத்தில் ஒருவர் சுண்ணாம்பு போடப்போகிறார். ஏற்கெனவே புளித்த நிலத்தை இன்னொருவர் மேலும் புளிக்க வைக்கப்போகிறார்.

மேடத்திடம் சொல்ல இரண்டு தடவை கதவுவரை போனேன். என் ஒப்பந்தம் மார்ச்சில் புதுப்பிக்க வேண்டியது. போன வருடம் ஒரு பையன் கண்ணாடிக் குழாயை உடைத்ததற்கே அனுப்பிவிட்டார்கள்.

வீட்டில் இவரிடமும் சொல்லவில்லை. லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையிலிருந்து வரும்போதே கண்ணெல்லாம் வெல்டிங் புகையில் சிவந்திருந்தது. சாப்பிட்டதும் தூங்கிவிட்டார்.

ஜூன் 18, புதன்

பதிவேட்டில் அந்தப் பக்கத்தில் டீ கொட்டிவிட்டது. சரியான எண்களோடு வேறு தாளில் எழுதி ஒட்டினேன். மேடத்திடம் சொன்னேன், "பார்த்து வேலை செய் சுகந்தி" என்றார்.

ஜூன் 20, வெள்ளி

மதியம் ஒரு போன். எண்ணைப் பார்த்ததும் தெரிந்தது. சடையனுடையது. மண் கொடுக்க வந்த அன்று, ஏதாவது சந்தேகம் என்றால் கேளுங்கள் என்று என் எண்ணை நானே எழுதிக் கொடுத்தேன். பெரியவர், ஐம்பது தாண்டியிருக்கும். பையைக் குழந்தையைத் தூக்குவது மாதிரி நெஞ்சோடு பிடித்துக்கொண்டு வந்தார்.

கையில் வேலை இருந்தது. எடுக்கவில்லை.

ஜூன் 22, ஞாயிறு

எருமப்பட்டிக்குப் பஸ் ஏறினேன். இவரிடம் தோழி வீட்டு விசேஷம் என்று சொன்னேன்.

செங்கோட்டுவேலுவின் நிலத்தைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. நாற்றமே வழிகாட்டியது. கோழி எருவை இறைத்து உழுதும் விட்டார். கண் எரிந்தது. காலடியில் வெள்ளைத் துகள்கள். முட்டை ஓடு கெட்டியாக இருக்க வேண்டுமென்று கோழிகளுக்குக் கிளிஞ்சலும் கல்குருணையும் போடுகிறார்கள். தின்றதில் பாதி எருவோடு வந்துவிடும். அதனால்தான் புளித்த மண்ணுக்கு அது மருந்து. இங்கே விஷம்.

"ஆருங்க?" என்று ஒரு அம்மா கேட்டார். செங்கோட்டுவேலுவின் மனைவி பாவாயி.

"மண் பரிசோதனையிலிருந்து வர்றங்க. தொடர் ஆய்வு." பொய் இவ்வளவு சுலபமாக வாயில் வந்தது.

"ஏனுங்க, இங்க வாங்க. ஆபீஸ்ல இருந்து ஒரு அம்மிணி தேடி வந்திருக்குது!"

அவர் வேப்பமரத்தடியிலிருந்து எழுந்து வந்தார். சட்டைப்பையிலிருந்து அட்டையை எடுத்தார். பிளாஸ்டிக் உறை போட்டு வைத்திருந்தார். என் எழுத்து.

"எரு போட்டாச்சுங்க. சுண்ணாம்பு மூட்டை சாளைக் குடிசையில அடுக்கியிருக்குது. நாளைக்கு ஆள் வருது, எறைச்சுப்புடறம்."

நாளைக்கு.

"சுண்ணாம்பு வேண்டாங்க. கோழி எருவே போதும்னு இப்ப சொல்றாங்க. அப்படியே விட்டுடுங்க."

"அட்டையில போட்டிருக்குதுங்களே?"

"நான்தானுங்க எழுதினேன். நான்தான் சொல்றேன்."

தலையை ஆட்டிவிட்டார். ஒரு கேள்வி கேட்கவில்லை. திரும்பும்போது பாவாயி அக்கா பை நிறைய முருங்கைக்காய் கொடுத்தார். வாங்காமல் இருக்க முடியவில்லை. பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டே வந்தேன்.

ஜூன் 23, திங்கள்

அதே எண். இரண்டு தடவை.

ஜூன் 27, வெள்ளி

மலை மண் எப்போதும் புளிப்புதான். மழை எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு போய்விடும். காலங்காலமாக அதில் பிழைக்கிறார்கள். இன்னும் கொஞ்சம் புளித்தால் என்ன ஆகிவிடும்? மேலும், அட்டை சொல்வதையெல்லாம் எல்லாரும் செய்துவிடுகிறார்களா என்ன. பாதிப் பேர் பிரித்துக்கூடப் பார்ப்பதில்லை.

இதை எழுதிவிட்டு இரண்டு தடவை படித்தேன்.

ஜூலை 8, செவ்வாய்

அதே எண். நேற்று மூன்று, இன்று ஒன்று. அந்த எண்ணுக்கு மணி அடிக்காதபடி செய்துவைத்தேன். ஆனாலும் மேசைமேல் திரை ஒளிர்வது கண்ணில் படுகிறது. கவிழ்த்து வைத்தேன். தர்ஷி கேட்டாள்: "யாரும்மா அது? ஏன் பயப்படறே?"

"கடன் வாங்கச் சொல்லிக் கூப்பிடற கம்பெனிடா" என்றேன்.

ஜூலை 20, ஞாயிறு

மறுபடி எருமப்பட்டி. செங்கோட்டுவேலு கடலை விதைத்து இரண்டு வாரம். முளைப்பு நன்றாக இருக்கிறது. மாட்டுச்சாணி மக்கியது இருந்தால் செடி வரிசைகளுக்கு நடுவே ஊடுசாலில் போடச் சொன்னேன். அது கோழி எரு மாதிரி இல்லை. மக்கிய சாணி புளித்த மண்ணைக் கொஞ்சம் ஏற்றும், கார மண்ணைக் கொஞ்சம் இறக்கும். சண்டைக்காரர்கள் இருவரையும் கையமர்த்துகிற பெரியவர் மாதிரி.

"இத்தனை வருசத்துல காட்டுக்குள்ள கால் வெச்ச ஆபீசர் நீங்க ஒருத்தர்தானுங்க" என்றார் செங்கோட்டுவேலு. நான் ஆபீசர் இல்லை என்று சொன்னேன். சிரித்தார்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. கொல்லிமலைக்குப் போகும் பஸ்ஸெல்லாம் நிரம்பி வழிந்தது. தர்ஷி அருவி பார்க்க வேண்டும் என்று அழுதாள். இவர் போகலாம் என்றார். எனக்குத் தலைவலி என்று படுத்துக்கொண்டேன்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

நான் பயந்தது வந்துவிட்டது. கடலைச் செடியின் கொழுந்தெல்லாம் மஞ்சள். நரம்பு மட்டும் பச்சை. வயலின் கீழ்ப்பாதி, எரு அதிகம் விழுந்த இடம், எலுமிச்சை நிறத்தில் கிடக்கிறது. மண்ணில் இரும்பு இருக்கிறது, காரம் ஏறியதால் வேரால் எடுக்க முடியவில்லை. மஞ்சள் காமாலைக்காரன் முன்னால் சோறு இருந்தும் இறங்காதது போல.

பாவாயி அக்கா வரப்பில் குந்தி அழுதார். "என்ன பாவம் பண்ணுனமோ கண்ணு."

அன்னபேதி என்கிற இரும்பு சல்பேட் வாங்கி வரச் சொன்னேன். நூறு லிட்டர் தண்ணீருக்கு ஒரு கிலோ, கொஞ்சம் எலுமிச்சைச் சாறு, சாயங்காலம் தெளிக்க வேண்டும். நானே கூட நின்று கலக்கினேன். மூன்று தடவை தெளிக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

பச்சை திரும்புகிறது. முழுதாக இல்லை. ஆனால் திரும்புகிறது. வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டேன். பாவாயி அக்கா என் தலையைத் தடவினார்.

வீட்டுக்கு வந்து போனைப் பார்த்தேன். எட்டாம் தேதிக்குப் பிறகு சடையன் எண்ணிலிருந்து அழைப்பு எதுவும் இல்லை. நிம்மதி.

செப்டம்பர் 4, வியாழன்

செங்கோட்டுவேலு அலுவலகத்துக்கே வந்துவிட்டார். மேடத்தின் அறையில் உட்கார்ந்து என்னைப் பற்றிப் பத்து நிமிடம் பேசினார். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று அவர் வாய் அசைவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் போனபின் மேடம் கூப்பிட்டார்.

"தொடர் ஆய்வா? நம்மகிட்ட அப்படி ஒண்ணு கிடையாதே சுகந்தி."

"சொந்த ஆர்வம் மேடம்."

"ம்." செங்கோட்டுவேலு அட்டையின் நகலைப் புரட்டினார். "5.1 மண்ணுல இரும்புக் குறை மஞ்சள் எப்படிம்மா வரும்?"

நான் என்ன சொன்னேன் என்று நினைவில்லை. ஏதோ சொன்னேன். தலையசைத்தார். பதிவேட்டைத் தன் மேசைக்கு எடுத்துப் போனார்.

செப்டம்பர் 5

பதிவேடு இன்னும் அவர் மேசையில்.

செப்டம்பர் 9, செவ்வாய்

பதிவேடு அலமாரிக்கு வந்துவிட்டது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஒட்டிய தாளின் ஒரு முனை லேசாகப் பிரிந்திருந்தது. பசை காய்ந்து பிரிந்ததா, யாராவது பிரித்ததா தெரியவில்லை.

அக்டோபர் 10, வெள்ளி

இவர் சாப்பிடும்போது பேச்சுவாக்கில் சொன்னார். "கொல்லிமலைல யாரோ ஒரு ஆளு மருந்தக் குடிச்சுட்டானாம். பட்டறைல மலைப்பையன் ஒருத்தன் சொன்னான். மிளகோ காப்பியோ, ஏதோ போச்சாம்."

"பேர் என்ன?"

"பேரெல்லாம் ஆரு கேட்டா. ஏன், தெரிஞ்ச ஆளா?"

தட்டில் இருந்த சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன்.

அழைப்புப் பட்டியலை எண்ணினேன். ஜூன் இருபது முதல் ஆகஸ்ட் எட்டு வரை முப்பத்தொரு தடவை. முதல்முறையாக நான் அந்த எண்ணை அழுத்தினேன். அணைத்து வைக்கப்பட்டுள்ளது என்றது. மறுபடி அழுத்தினேன். மறுபடி. காது சுட்டது.

அக்டோபர் 11, சனி

எழுதவே கை வரவில்லை. நேற்றும் இன்றும் வந்த செய்தித்தாள்களை வரி வரியாகப் பார்த்தேன். இல்லை. பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் மலைச் செய்தி ஏதாவது தெரியுமா என்று கேட்டேன். "ஏன்க்கா, மூஞ்சி இப்படி வெளுத்திருக்கு?" என்றாள்.

இவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். சாப்பாட்டுத் தட்டை நகர்த்தி வைத்தார். பிறகு "அந்தாளு உயிரோட இருந்தா என்ன சொல்லுவே, அதை யோசிச்சியா?" என்றார். யோசிக்கவில்லை. உயிரோடு இல்லையென்றால் யாரிடம் சொல்வது என்று மட்டுமே யோசித்துக்கொண்டிருந்தேன்.

அக்டோபர் 12, ஞாயிறு

எழுபது கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் எண் எழுதி வைத்திருக்கிறார்கள். நாற்பத்தொன்றிலும் நாற்பத்துநான்கிலும் கண்ணை மூடிக்கொண்டேன்.

மலைமேல் செம்மேட்டில் இறங்கி ஒரு கடையில் கேட்டேன். "சடையனா? எந்தச் சடையன்? மருந்து குடிச்சாரே ஒருத்தர், அவங்க ஊரா?" என்றார் கடைக்காரர். என் முகத்தைப் பார்த்து அவரே தொடர்ந்தார். "அது சடையன் இல்லைங்க, வேற ஆளு. குடும்பச் சண்டை. பொழைச்சுட்டான். சடையன் வீடு இப்படியே மேல போங்க, பலாமரத்தாண்ட."

பலாமரம்வரை இருபது நிமிட ஏற்றம். பனி இறங்கிக்கொண்டிருந்தது. பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. அரிவாள் விழும் சத்தம் மட்டும் கேட்டது. சத்தத்தை நோக்கிப் போனேன்.

சில்வர் ஓக் மரங்களில் ஏறிய மிளகுக் கொடிகள் கருகித் தொங்கின. அவர் ஒவ்வொன்றாக அறுத்துக் குவித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் அரிவாளைக் கீழே வைத்தார்.

"ஆபீசு அம்மாதானே?" ஆச்சரியமாகக் கேட்டார். "மலையேறி வந்திருக்கீங்களே. உக்காருங்க, உக்காருங்க."

"உங்க போன்..."

"அதுவா. ஓடையோரம் ஏணியில ஏறும்போது தண்ணியில விழுந்துருச்சும்மா. ஆடிப்பெருக்குக்கு அப்புறம். வேற வாங்கல."

நான் பேச வாயெடுத்தேன். அவர் முந்திக்கொண்டார்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கத்தாம்மா அத்தனை தடவை கூப்பிட்டேன். அட்டையில இருக்கிறது எங்க மண்ணுதானான்னு. எங்கப்பன் காலத்துல இருந்து ஆட்டெருவும் சாம்பலும் போட்டாத்தான் இந்த மண்ணு எதையாச்சும் குடுக்கும். கீழ இருந்து கோழி எரு கொண்டாரச் சொல்லி வண்டிகூடப் பேசியிருந்தேன். அட்டை அது வேணாம், உப்பு உரம் போடுங்குது. எனக்கு மனசு ஒப்பல. ஒன்றரை மாசம் போடாம வெச்சிருந்தேன்."

"அப்புறம் ஏன் போட்டீங்க?"

"நீங்க எடுக்கலியே." சாதாரணமாகச் சொன்னார். "தப்பா இருந்திருந்தா நீங்களே திருப்பிக் கூப்பிட்டுச் சொல்லியிருப்பீங்கன்னு நெனச்சேன். படிச்சவங்க. சரியாத்தான் இருக்கும், அதான் கூப்பிடலைன்னு போட்டுட்டேன்."

சொன்னேன். குவளைகள் மாறியது, அட்டை மாறியது, எல்லாவற்றையும். மண்ணைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

"உங்களுக்கு எப்பத் தெரிஞ்சுது?"

பொய் சொல்ல ஒரு கணம் இருந்தது. செப்டம்பர் என்று சொல்லியிருக்கலாம்.

"ஜூன் பதினாறு."

அவர் உப்பு போட்டது ஆகஸ்ட் பத்தாம் தேதியாம். விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். அறுத்த கொடி ஒன்றை எடுத்து வேரைத் தடவினார். பழுப்பாக, நார் நாராக உரிந்து வந்தது. மூன்று வருடக் கொடிகள். இந்த வருடம்தான் முதல் காய்ப்பு. நூற்றெண்பதில் அறுபத்தெட்டு மிச்சம்.

மிச்சத்துக்காவது ஆட்டு எருவும் சாம்பலும் உடனே போடுங்கள் என்றேன். மழைக்கு மண் இன்னும் புளிக்காமல் எரு தாங்கிப் பிடிக்கும் என்றேன்.

"நீங்க இப்ப சொல்றத நான் எப்படிம்மா நம்புறது?"

கோபமாகக் கேட்டிருந்தால் பரவாயில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

புளிப்பைக் காட்டும் நிறத்தாள் கொண்டுபோயிருந்தேன், அதை அவரிடமே கொடுத்தேன். மண்ணை அவரே எடுத்தார், அவரே தண்ணீரில் கலக்கினார், தெளிந்ததும் அவரே நனைத்து நிற அட்டையில் உள்ள பி.எச். எண்களோடு ஒட்டிப் பார்த்தார். நாலரை. தாள் கட்டு முழுவதையும் அங்கேயே வைத்துவிட்டேன்.

"நாலரைக்குப் பஸ்ஸு. பனி எறங்குது, கெளம்புங்க" என்றார். வீட்டுக்குள் கூப்பிடவில்லை.

அக்டோபர் 13, திங்கள்

கடிதம் எழுதி மேடத்திடம் கொடுத்தேன். டீ தானாகக் கொட்டவில்லை, நான் கொட்டினேன் என்பதையும் எழுதினேன்.

படித்து முடித்தவர் முதலில் எழுந்து கதவைச் சாத்தினார். "எனக்குச் செப்டம்பர்லயே தெரியும்" என்றார். குரல் உள்ளே போயிருந்தது. "கையெழுத்து என்னுது சுகந்தி. ஒவ்வொரு அட்டையிலயும். பார்க்காமத்தான் போடறேன்."

பயம் எனக்கு மட்டும்தான் என்று நான்கு மாதம் நினைத்திருந்தேன்.

கடிதத்தை மேலே அனுப்புவதாகச் சொன்னார். ஜூன் இரண்டில் சோதித்த நாற்பது நிலங்களிலும் மண்ணைத் திரும்ப எடுத்து அளக்கச் சொன்னார். விசாரணை முடியும்வரை நான் அட்டை எழுதக் கூடாது. மண் இடிக்கலாம், சலிக்கலாம்.

அக்டோபர் 26, ஞாயிறு

எருமப்பட்டியில் கடலை பிடுங்குகிறார்கள். விளைச்சல் முக்கால்வாசி. களத்தில் வைத்து உண்மையைச் சொன்னேன்.

செங்கோட்டுவேலு கையில் இருந்த கடலைக்கொடியை உதறிக்கொண்டே கேட்டார். "அப்ப அன்னிக்குச் சுண்ணாம்பு வேண்டாம்னு ஓடி வந்தது, அதுக்குத்தானுங்களா?"

"ஆமாங்க."

"தொடர் ஆய்வுன்னீங்க."

பாவாயி அக்கா "காப்பி வெக்கறன்" என்று எழுந்து உள்ளே போனார். வெளியே வரவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகும்வரை காத்திருந்துவிட்டு வந்தேன்.

நவம்பர் 18, செவ்வாய்

விசாரணைக்கு இரண்டு பேர் வந்தார்கள். கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன். மார்ச்சுக்குப் பிறகு நான் இருக்க மாட்டேன் என்பது அவர்கள் பேசிய விதத்திலேயே தெரிந்தது. சடையனுக்கு இழப்பீடு கேட்டு மேடம் எழுதியிருக்கிறார். வருமா தெரியாது. நாற்பதில் மற்ற முப்பத்தெட்டும் சரியாக இருந்தன. அந்த முப்பத்தெட்டாவதை அளக்கும்வரை நான் சரியாகச் சாப்பிடவில்லை.

டிசம்பர் 22, திங்கள்

காலை பத்து மணி. மண் இடித்துக்கொண்டிருந்தேன். எதிரே யாரோ நிற்பது தெரிந்து நிமிர்ந்தால், சடையன்.

மேசையில் இரண்டு பைகளை வைத்தார். பெயர் இல்லை, எண் இல்லை.

"நீங்களே அளக்கணும். நான் இங்கயே நிக்கறேன்."

மேடத்தைப் பார்த்தேன். கதவருகே வந்து நின்றவர் தலையசைத்தார்.

ஒரு குவளையைக் கழுவினேன். மறுபடி கழுவினேன். அவர் கண் என் விரல்களை விட்டு அகலவில்லை. மண்ணும் தண்ணீரும் கலந்து அரைமணி நேரம் காத்திருக்க வேண்டும். அந்த அரைமணி நேரமும் அவர் உட்காரவில்லை. நானும் உட்காரவில்லை.

முதல் பை 4.4. இரண்டாவது 5.0.

"ரெண்டாவது பை எரு போட்ட மண்ணுங்க" என்றேன். "ஆட்டு எருவும் சாம்பலும். முதல்ல இருக்கிறது ஒண்ணும் போடாதது."

அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. மிச்சமிருந்த கொடிகளில் பாதிக்கு மட்டும் எரு போட்டாராம். மறுபாதியை அப்படியே விட்டாராம். என் பேச்சை நம்பி மொத்தத்துக்கும் போட மனம் வரவில்லையாம். "போட்டதுல பத்துப் பன்னெண்டு கொடி துளிர்க்குது" என்றார். "போடாததுல இன்னும் நாலு போச்சு. மிச்சத்துக்கும் போட்டுர்றேன்."

சட்டைப்பையிலிருந்து நாலாக மடித்த தாளை எடுத்து விரித்தார். இரண்டு எண்களையும் அவரே எழுதினார். பெரிய பெரிய எழுத்துகள். பேனாவை என்னிடம் நீட்டினார்.

"அடியில உங்க பேரு போடுங்க. அந்த அட்டையில எழுதுனவங்க பேரே இல்ல."

கருவியின் திரையை ஒருமுறை பார்த்தேன். தாளில் அவர் எழுதியதைப் பார்த்தேன். மறுபடி திரையைப் பார்த்தேன். அவர் அவசரப்படுத்தவில்லை.

என் முழுப்பெயரை எழுதினேன். தேதியும் போட்டேன்.